புயலுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்

கேள்வி: புயலடித்ததில் எங்கள் வீட்டு நீச்சல் தடாகம் முழுக்கத் தென்னோலையும் சேறும்தான், தண்ணீரும் பச்சையாகிவிட்டது. முழுவதையும் இறைத்துவிட்டுக் கழுவலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: அவசரப்பட்டு இறைத்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் மணல் தரை, மாரியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்து நிற்கும். அந்த நேரம் தடாகத்தை வெறுமையாக்கினால் நிலத்தடி நீர் கீழிருந்து முட்டித் தள்ளி அடித்தளம் வெடிக்கலாம், சிலவேளை தொட்டியே மேலெழும்பிவிடும். முதலில் ஓலை, சருகை வலையால் அள்ளுங்கள். மோட்டருக்குள் வெள்ளம் போயிருந்தால் மின்வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை சுவிட்சைத் தொடவே வேண்டாம். அப்புறம் தண்ணீரின் பிஎச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2 – 7.6க்குள் கொண்டுவந்து, பொழுதுபட்ட பிறகு குளோரின் போட்டு (பகலில் போட்டால் பாதியை வெயில் தின்றுவிடும்) வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள். அதன் அழுத்தமானி வழக்கத்தைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவவேண்டும்; சேறு கூடிய தடாகத்தில் இது அடிக்கடி வரும், சலித்துக்கொள்ளாதீர்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அடியில் போட்ட ஐந்து ரூபாய்க் குற்றி தெரியுமளவுக்குத் தெளிந்து, குளோரினும் 1 – 3 பிபிஎம்முக்கு (பத்து இலட்சம் பங்கு தண்ணீரில் 1 – 3 பங்கு) இறங்கிய பிறகே பிள்ளைகளை இறக்குங்கள். சுற்றிக் கிடக்கும் வாளி, சிரட்டையையும் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம்.