நிலவில் ஒரு ஏக்கர் காணி

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் மாமா என் மகளின் பிறந்தநாளுக்கு நிலவில் ஒரு ஏக்கர் வாங்கி, அவள் பெயர் போட்ட பத்திரமும் அனுப்பியிருக்கிறார். செல்லுமா? – வாசகி, ஹட்டன்

பதில்: செல்லாது அக்கா. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது, அப்புறம் யார் அதற்கு உறுதி (காணிப் பத்திரம்) எழுதுவது? ஆனால் தோண்டி எடுப்பது வேறு கதை. எடுத்த கல்லும் பனியும் எடுத்த அமெரிக்கருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015இல் சட்டமே போட்டுவிட்டது. தென்துருவப் பள்ளங்களில் கிடக்கும் அந்தப் பனியை உருக்கினால் குடிநீர், பிரித்தால் ராக்கெட் எரிபொருள் என்பதால் இனிப் போட்டி அங்கேதான். தலைமுறை தலைமுறையாகக் தேயிலைக் கொழுந்து பறித்தும், குடியிருக்கும் லயன் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு) உறுதி கிடைக்காத குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! நிலவிலும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் சொல்கிறேன், அதற்கான விதிகளை எழுதும்போது சின்ன நாடுகளையும் கேட்க வேண்டும். பத்திரம் மகளிடமே இருக்கட்டும், காசு கொடுத்து இன்னொன்று வாங்காதீர்கள்.