புதன்கிழமை ஊசி: கிராம செவிலியரிடம் கேட்டவை

விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பத்து வருடம் கல்வராயன் மலையில். புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு அரசு போடும் தடுப்பூசி பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. குழந்தைக்கு உடம்பு முடியவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

திண்டிவனம், ஒரு அம்மா: அக்கா, பையனுக்கு 6 வாரத்து ஊசி போட்டோம். அப்புறம் எங்க அம்மா வீட்டுக்குப் போனதில் 10 வாரத்து ஊசி விட்டுப்போச்சு. இப்போ 5 மாசம். முதலிலிருந்து போடணுமா?

வேண்டாம்மா. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இரண்டு தவணைக்கு நடுவே 4 வாரத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். கூடிப்போனால் போட்ட ஊசி வீணாகாது. ஆனால் கூடிய அந்த நாட்களில் பிள்ளைக்குப் பாதுகாப்பு அரைகுறையாகத்தான் இருந்திருக்கும், அதனால் இந்தப் புதன்கிழமையே போய்விடுங்கள். பொதுவாகச் சொன்னால், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசியை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும்; தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 5 வயது வரை போடலாம்; முத்தடுப்பு ஊசியை 7 வயது வரை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் மஞ்சள் காமாலை பி ஊசி ஒன்றுதான் நாள் தவறினால் தவறியதுதான்.

அம்மா வீட்டுக்குப் போனாலும் அட்டையை எடுத்துப் போங்கள். எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். "நர்ஸம்மா திட்டுவாங்க" என்று பயந்து வராமல் இருப்பவர்கள் நிறைய. திட்டுவோம்தான். ஒருமுறை நான் போட்ட சத்தத்தில் ஒரு பெண் அடுத்த இரண்டு புதன்கிழமை எட்டியே பார்க்கவில்லை. தேடிப் போனால், என்னைப் பார்த்ததும் குழந்தையோடு ஆட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து நாள் தவறி வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக "வந்தியே, சந்தோஷம்" என்று சொல்லப் பழகினேன். திட்டுவதெல்லாம் ஊசி போட்டு முடித்த பிறகு.

திருக்கோவிலூர், ஒரு அப்பா: தனியார் ஆஸ்பத்திரியில் வலியில்லாத ஊசி இருக்கிறதாமே. காசு கொடுத்து அதைப் போடுவது நல்லதா?

வலியே இல்லை என்பது வியாபாரப் பேச்சு. ஊசி குத்தினால் எந்தப் பிள்ளையும் அழும். வித்தியாசம் கக்குவான் இருமலுக்கான மருந்தில் இருக்கிறது. அரசு போடும் பென்டாவில் செத்த கக்குவான் கிருமி முழுதாக இருக்கும். அதனால் காய்ச்சலும் தொடை வலியும் கூடுதல். மற்றதில் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்துச் சேர்த்திருப்பார்கள், காய்ச்சல் குறைவு. ஆனால் முழுக்கிருமி ஊசி தரும் பாதுகாப்புதான் அதிக நாள் நிற்கிறது. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் பென்டா வந்தது. என் பேரனுக்கும் அதுவேதான்.

அன்று ராத்திரி காய்ச்சல் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். சிஸ்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பற்றுப் போடுவது, காப்பித்தூள் அப்புவது எதுவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்குத் தொடையில் சின்னக் கட்டி போல இருந்து சில வாரத்தில் தானே கரையும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, விடாமல் மணிக்கணக்கில் வீறிட்டாலோ ஆஸ்பத்திரிக்குத்தான்.

செஞ்சி: இடது கையில் பிசிஜி தழும்பே வரவில்லை. திரும்பப் போடணுமா?

வேண்டாம். தழும்பு வராவிட்டால் அந்தக் காசநோய்த் தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. சிலருக்கு ஒரு மாதம் கழித்துப் புண்ணாகிச் சீழ் வைக்கும். அதுவும் இயல்புதான், களிம்பு தடவாதீர்கள்.

திருவள்ளூர்: 2008-இல் எங்கள் மாவட்டத்தில் ஊசி போட்ட குழந்தைகள் இறந்ததை மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பேத்திக்கு 9 மாத ஊசி வேண்டாம் என்கிறார். என்ன பதில் சொல்வது?

அவர் சொல்வது நடந்ததுதான். 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தார்கள். "அதெல்லாம் வதந்தி" என்று அவரிடம் சொல்லாதீர்கள். நீங்கள் அடுத்துச் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். அதற்குப் பிறகு கிராமத்தில் வைத்து ஊசி போடுவதையே நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடத்தில் மட்டும் போட்டார்கள். மலையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் கூலி, இரண்டு பஸ். பலர் வரவில்லை. பின்னால் கிராம முகாம்கள் திரும்ப வந்தன.

மாமியாரையும் கூடவே கூட்டிப் போங்கள். அவரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். 9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வரும். அதோடு அதே கம்பெனி அனுப்பும் நீரில்தான் கலக்க வேண்டும். கலந்த நேரத்தைக் குப்பி மேல் எழுதியிருக்க வேண்டும். 4 மணி நேரம்தான் கணக்கு: காலை 10 மணிக்குக் கலந்தது மதியம் 2 மணிக்கு மேல் குப்பைக்கு, உள்ளே எத்தனை டோஸ் மிச்சம் இருந்தாலும் சரி. அதில் கெடாமல் காக்கும் மருந்து கிடையாது, வைத்திருந்தால் கிருமி வளரும். ஊசிக்குழல் உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும்; ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இரண்டாவது பிள்ளைக்குப் பயன்படாது. போட்டு முடித்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அபூர்வமாக வரும் கடுமையான ஒவ்வாமை அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும், அதற்கான மருந்து சிஸ்டர் கைவசம் இருக்கும். பஸ் போய்விடும் என்று கிளம்புகிறவர்களை நான் அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் நிறுத்துவேன்.

இதையெல்லாம் கேட்டால் சிஸ்டர் கோபிப்பாரோ என்று நினைக்காதீர்கள். தன் வேலையைச் சரியாகச் செய்கிறவருக்குக் கோபம் வராது.

பண்ருட்டி, மின்வாரிய ஊழியர்: எங்கள் பக்கம் கரண்ட் போனால் மணிக்கணக்கில் வராது. மருந்து கெட்டுவிடாதா?

நியாயமான கேள்வி, அதுவும் உங்களிடமிருந்து! ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் இல்லை. மேலே மூடி திறக்கும் பெட்டி; சுவர் முழுக்கப் பனி உறைந்திருப்பதால் கரண்ட் போனாலும் குளிர் நிற்கும். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும்.

எல்லோரும் சூட்டைப் பற்றியே கேட்கிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பயம் உறைவது. பென்டா உறைந்துவிட்டால் அதை உருக்கி எடுத்தாலும் பயனில்லை. அதனால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும், ஊருக்கு மருந்து கொண்டுபோகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேஜை மேல் பரப்பி வியர்க்க விட வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும். அப்புறம்தான் நான்கு பேக்கையும் பெட்டியின் நான்கு பக்கமும் சொருகி, நடுவில் மருந்து. மலை பஸ்ஸில் அந்த நீலப் பெட்டியை மடியில் வைத்துத்தான் போவேன். கண்டக்டர் "மேலே வைங்கம்மா" என்றால், "இதுக்கு வேணா தனி டிக்கெட் போடு, மேலே வைக்க மாட்டேன்" என்பேன்.

சூடு பட்டதா என்று நீங்களே பார்க்கலாம். குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் நல்ல மருந்து. இரண்டும் ஒரே நிறமானால் போடக் கூடாது.

ஊட்டி: கடலூரில் என் அக்கா பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஊசி போட்டார்கள், எங்களுக்குச் சொல்லவே இல்லையே?

அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. நெல்வயல் தண்ணீரில் வளரும் கொசு, பன்றி, கொக்கு, நாரை எல்லாம் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் அந்த நோய். அதனால் கடலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் மட்டும் அட்டவணையில் இருக்கிறது.

ஒரு பள்ளி ஆசிரியர்: எங்கள் ஊர் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அட்டை, ஆதார் எதுவும் இல்லை. ஊசி போடுவார்களா?

போட வேண்டும் சார். ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. புது அட்டை போட்டு அன்றைக்கே தொடங்கலாம். உங்கள் துணை சுகாதார நிலைய செவிலியரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. 5000 பேருக்கு ஒரு செவிலியர், மலையில் 3000 பேருக்கு. மலையில் ஆள் குறைவு, நடை அதிகம். இந்த வாரம் யார் யாருக்குத் தவணை என்று பட்டியல் போட்டுத்தான் புதன்கிழமைக்குத் தயாராவோம். அந்தப் பட்டியலில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், மூன்று மாதத்துக்கு வந்துபோகும் சூளைக் குடும்பம் இருக்காது. பாஷையும் தெரியாது. சூளைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது துணிக்கொடியைத்தான். எந்தக் குடிசைக்கு முன்னால் சின்னச் சட்டை காய்கிறதோ அங்கே போய் நிற்பேன். "குழந்தை இல்லை" என்று மேஸ்திரி சொன்ன சூளை ஒன்றில் இப்படி ஏழு பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன்.

உளுந்தூர்பேட்டை: ஊசி போட்டால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வருமாமே?

குழந்தைக்கான தவணை ஊசியோடு சேர்த்துத்தான் கணக்கு. ஊசியைத் தனியாரில் போட்டிருந்தாலும் அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் பணம் 9 மாதம் வரைக்கும் பிள்ளையைக் கூட்டி வந்துவிடும். அதற்குப் பிறகு 16 மாதத்து ஊசிக்கும் 5 வயது ஊசிக்கும் இழுத்து வர ஒன்றுமில்லை. பிள்ளை ஓடியாடுகிறது, இனி என்ன என்று விட்டுவிடுகிறார்கள். தொண்டை அடைப்பான் பிடிப்பது இப்படி விட்ட பெரிய பிள்ளைகளைத்தான்.

சின்னசேலம்: போலியோதான் ஒழிந்துவிட்டதே, சொட்டு மருந்து எதற்கு?

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச்சில் சான்றிதழ் கொடுத்தார்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் இருக்கிறது. விமானத்தில் ஒரு ராத்திரி தூரம்.

அரகண்டநல்லூர்: பொன்னுக்கு வீங்கிக்கு அரசு ஊசி உண்டா?

அரசு அட்டவணையில் இல்லை. தனியாரில் போடும் எம்எம்ஆர் ஊசியில் தட்டம்மை, ரூபெல்லாவோடு அதுவும் சேர்ந்திருக்கிறது. சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சங்கராபுரம்: மகளின் ஊசி அட்டையைக் கறையான் அரித்துவிட்டது. பள்ளியில் கேட்கிறார்கள்.

மண் சுவர் இடுக்கில் சொருகி வைத்தீர்களா? ரேஷன் கார்டோடு வைத்திருந்தால் பிழைத்திருக்கும். பரவாயில்லை. குழந்தை பிறந்த தேதியையும், கர்ப்பத்தின்போது உங்களுக்குக் கொடுத்த 12 இலக்கப் பதிவு எண்ணையும் சொன்னால் சிஸ்டர் பதிவேட்டில் தேடி எடுத்து வேறு அட்டை எழுதித் தருவார். புதன்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. வியாழக்கிழமை போங்கள்.