மெதட்ஸ், டூல் ரூம், உற்பத்தி: எது யார் பொறுப்பு?

கருவிகளைச் செய்து பழுது பார்க்கும் டூல் ரூமிலும், உருப்படியை எப்படிச் செய்வது என்று எழுதித்தரும் மெதட்ஸ் பிரிவிலுமாக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சூப்பர்வைசர், ஓசூர்: ஃபிக்ஸ்சர் (உருப்படியை மெஷினில் பிடித்து நிறுத்தும் சாதனம்) தேய்ந்து, துளை இடம் மாறி, 140 உருப்படிகள் கழிவாகிவிட்டன. டூல் ரூம் மீது தவறா, எங்கள் மீதா?

அந்த ஃபிக்ஸ்சருக்குப் பராமரிப்பு அட்டை இருக்கிறதா? வடிவமைப்பு மெதட்ஸுடையது. செய்வதும் பழுது பார்ப்பதும் டூல் ரூம் வேலை. துகளைத் துடைத்து, உருப்படியின் துளைக்குள் நுழைந்து அதை இடத்தில் நிறுத்தும் பின்னைத் தொட்டுப் பார்த்து ஏற்றுவது ஆபரேட்டர் வேலை. எத்தனை உருப்படிக்கு ஒருமுறை பின்னை அளக்க வேண்டும் என்பதை மெதட்ஸ் எழுதித்தர வேண்டும். எழுதவில்லை என்றால் கழிவு அவர்கள் கணக்கு.

நான் இருந்த ஒரு தொழிற்கூடத்தில் பம்ப் பாடிக்கு ஒரு ஃபிக்ஸ்சர். துளை 12 எச்7, அதாவது 12.000 முதல் 12.018 மில்லிமீட்டர் (எச்7, ஜி6 என்பவை அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கான குறியீடுகள்). பின் ஜி6, 11.983-க்குக் கீழே போகக் கூடாது. மைக்ரோமீட்டர் வைத்தேன், 11.92. பின்னின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் மின்னியது. பாடியை எப்போதும் அந்தப் பக்கமாகவே சாய்த்து ஏற்றியிருக்கிறார்கள். "ஆடுகிறது" என்று ஆபரேட்டர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் அட்டையில் எழுதவில்லை. எழுதுங்கள்!

எம்10 டேப்புக்கு (10 மில்லிமீட்டர் மரை வெட்டும் கருவி) எந்த டிரில், ஐயா?

1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) என்றால் 8.5 மில்லிமீட்டர். டேப் அட்டவணை டூல் ஸ்டோர் சுவரில் இருக்கும், தம்பி.

செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார்செய்பவர்), கோவை: 22 ஆண்டு அனுபவம் எனக்கு. நேற்று வந்த மெதட்ஸ் பையன் எழுதிய ஃபீடில் (வெட்டும் கருவி முன்னேறும் வீதம்) நான் ஏன் ஓட்ட வேண்டும்?

அடுத்த ஷிப்டில் இருப்பவருக்கு உங்கள் 22 ஆண்டு இல்லையே! அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1903-இல் ஃபோர்மன் வேலையை எட்டாகப் பிரித்தார்: நால்வர் திட்ட அறையில், நால்வர் தளத்தில். ஒரு தொழிலாளிக்கு எட்டு மேலாளர்கள். அந்த வடிவம் நிலைக்கவில்லை. முறையை ஓரிடத்தில் எழுதிவைக்கும் வழக்கம் நிலைத்தது. உங்கள் அறிவு அந்தத் தாளுக்குள் போக வேண்டும் என்பதே என் கட்சி.

அதே செட்டர்: எழுதிக் கொடுத்தால் குப்பையில் போடுகிறார்களே?

உங்கள் கோபம் நியாயம். புராசஸ் ஷீட் (அந்தச் செய்முறைத் தாள்) எழுதியவர் முதல் பத்து உருப்படி வரும்வரை மெஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நிற்காதவர் எழுதிய தாளை நான் அங்கீகரித்ததில்லை.

இன்னொருவர், அம்பத்தூர்: அப்படியானால் ஆபரேட்டர் எதையுமே மாற்றக் கூடாதா?

மாற்றலாம். ஃபீட் ஓவர்ரைடு (எழுதிய ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் திருகு) 80 முதல் 110 சதவீதம் என்று தாளிலேயே எல்லை போட்டுவிடுங்கள். உள்ளே ஆபரேட்டர் விருப்பம். தாண்டினால் மெதட்ஸ் கையெழுத்து, அதே ஷிப்டுக்குள். தேய்மான ஆஃப்செட் (கருவி தேய்ந்த அளவுக்கு மெஷினில் செய்யும் திருத்தம்) செட்டருடையது. அதையும் எழுத வேண்டும்.

இன்சர்ட் (கருவியில் பொருத்தும் வெட்டு முனை) உடைந்தால் யார் பொறுப்பு?

நான்காவது முறையாக இதே கேள்வி. உடைந்த முனையைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. குப்பையில் போடாமல் உறையிலிட்டு, எத்தனையாவது உருப்படி என்று மேலே எழுதி மெதட்ஸிடம் கொடுங்கள்.

கொள்முதலில் விலை குறைந்த இன்சர்ட் வாங்கிவிட்டார்கள். இப்போது உடைகிறது.

கிரேடை (இன்சர்ட்டின் பொருள் வகை) மாற்றும் உரிமை கொள்முதலுக்குக் கிடையாது. முடிந்தது.

பன்னிரண்டு பேர் உள்ள பட்டறை எங்களுடையது. மெதட்ஸ் பிரிவுக்கு எங்கே போவது?

மூத்த செட்டருக்கு வாரத்தில் அரை நாள் மெஷினை விட்டு ஓய்வு கொடுங்கள். ஒரு நோட்டு, உருப்படிக்கு ஒரு பக்கம்: கிளாம்ப் படம், டூல், வேகம், ஃபீட், பின் அளவு. ஃபிக்ஸ்சர்களில் எண் பொறித்து, அந்த எண்ணைப் பக்கத்தின் தலையில் போடுங்கள். நோட்டை உங்கள் மேசையில் பூட்டி வைக்காதீர்கள். மெஷின் பக்கத்தில் தொங்கட்டும்.