அழிக்கச் சொன்ன நான்கு நிமிடம்

வணக்கம் சார்,

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக எங்கள் ஊர் இசைக்குழுவைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுக்கிறேன். மூன்று நிகழ்ச்சிகளில் 11 மணி நேரக் காட்சிகள் சேர்ந்துவிட்டன. போட்டுப் பார்த்தால் பாட்டு வீடியோ மாதிரிதான் இருக்கிறது, ஒலியும் ஒரே இரைச்சல். இதற்கிடையில், குழுவை விட்டு விலகப்போவதாக பேஸ் கிட்டார் வாசிப்பவர் பேட்டியில் சொன்னார். மறுநாளே போன் செய்து அதை அழித்துவிடச் சொல்கிறார். மற்ற மூவருக்கும் விஷயம் தெரியாது. படத்தில் உயிருள்ள பகுதியே அந்த நான்கு நிமிடம்தான். என்ன செய்வது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த நான்கு நிமிடத்தைப் படத்தில் வைக்காதீர்கள். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வேண்டாம். ஒருவர் எதிரே உட்கார்ந்து கவனமாகக் கேட்டால் மனதில் கிடப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். நண்பர்களிடம் சொல்ல வேண்டியதை அவர் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டார். மற்ற மூவரும் அதைத் திரையிடலில் தெரிந்துகொள்ளக் கூடாது. “அவர்களிடம் நீங்கள் பேசிய பிறகு ஒருமுறை கேட்பேன், அப்போதும் வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன்” என்று அவரிடம் சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

1969 ஜனவரியில் பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ஒத்திகையைப் படமெடுத்தார்கள். 10ஆம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் குழுவை விட்டு வெளியேறினார். அடுத்த சில நாட்களில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் அதைப் பற்றிப் பேசியதை, பூந்தொட்டிக்குள் ஒளித்துவைத்த மைக்கில் பதிவு செய்தார்கள். பீட்டர் ஜாக்சன் 2021இல் வெளியிட்ட ஆவணத் தொடரில் அந்தப் பேச்சு வருகிறது. லெனன் இறந்து அதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அதைக் கேட்டபோது சிலிர்த்துப்போனேன். கேட்டிருக்கக் கூடாது என்றும் பட்டது. இன்றுவரை அந்த உறுத்தல் போகவில்லை.

அதே தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மெக்கார்ட்னி ஒன்றும் பிடிபடாமல் பேஸை மீட்டிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பாட்டு உருவாகி வருகிறது, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். யாரும் ரகசியம் எதையும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் யார் என்று தெரிந்துவிடுகிறது.

உங்களுக்குக் குறைவது இதுதான். மேடையில் தங்களை எப்படிக் காட்டிக்கொள்வது என்று குழுவினருக்குத் தெரியும். ஒத்திகை அறைக்குப் போங்கள். ஒருவர் தாளம் தவறும்போது அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்: யார் சிரிக்கிறார், யார் முகம் சுளிக்கிறார், யார் நிறுத்தாமல் வாசித்து அவரைத் திரும்ப இழுத்து வருகிறார். பாடுபவரைவிடக் கேட்பவர் முகத்தில் கேமரா அதிக நேரம் இருக்கட்டும்.

ஒலிக்கு வருகிறேன். கேமராவின் மைக்கை நம்பாதீர்கள், டிரம்ஸ் அடித்தவுடன் அதில் பதிவாகும் ஒலி சிதைந்துவிடும். தனி ரெக்கார்டர் வையுங்கள், அதன் அளவுகாட்டியில் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கட்டும். மிக்ஸரிலிருந்து நேரடி இணைப்பு கிடைத்தாலும் அது மட்டும் போதாது. சின்ன அரங்குகளில் டிரம்ஸுக்குத் தானாகவே போதிய சத்தம் உண்டு என்பதால் மிக்ஸர் வழியாகப் பெரும்பாலும் குரல்தான் வரும். அறையில் இன்னொரு மைக் வைத்து இரண்டையும் கலக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் பின்னால் வைத்த மைக்கில் அது 50 மில்லி நொடி தாமதமாக விழும். நொடிக்கு 25 ஃபிரேம் படத்தில் இது ஒரு ஃபிரேமுக்கும் அதிகம். எடிட்டிங்கில் நகர்த்திச் சரிசெய்யுங்கள். நீண்ட பதிவுகளில் கேமராவும் ரெக்கார்டரும் மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகும், அதனால் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கை தட்டுங்கள், அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்தலாம்.

அவர்கள் வாசிப்பது பிறர் பாட்டு என்றால், படத்தில் சேர்க்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். சொந்தப் பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த ஒத்திகையில் முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் அதற்கு முன்பே, இன்றைக்கே, பேஸ் வாசிப்பவருக்கு போன் செய்துவிடுங்கள். அவர் பதிலுக்காகக் காத்திருப்பார்.