பிரைமரி கட்சிக்காரர்கள் விவகாரமா?

வணக்கம் சார்,

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. நவம்பர் தேர்தல் எதையும் தவறவிட்டதில்லை. ஆனால் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, அவர்கள் ஆளை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஓட்டுப் போட ஆளே வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் புலம்புகிறார்கள். ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் போட்டால் என்ன குறைந்துவிடும்? நம் ஊரில் வேட்பாளரைத் தலைமைதானே அறிவிக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'கட்சியின் சொந்த விவகாரம்' என்ற வாதத்துக்கு உங்கள் ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. அன்றைய டெக்சஸில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவர் நவம்பரில் தோற்க வழியே இல்லை. அதனால் 1923-இல் சட்டம் போட்டே கறுப்பினத்தவரை அந்தப் பிரைமரியிலிருந்து விலக்கினார்கள். நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும், கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்று கட்சி விதியாக்கிக்கொண்டார்கள். ஓட்டுப் போட அன்று கட்டவேண்டியிருந்த தேர்தல் வரியைக் கட்டிய கறுப்பினத்தவர் நவம்பரில் ஓட்டுப் போடலாம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். லானி ஸ்மித் என்ற ஹூஸ்டன் பல் மருத்துவர் வழக்குப் போட்டார், தர்குட் மார்ஷல் வாதாடினார், 1944-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஒழித்தது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாசலுக்குள்தான் நீங்கள் போகாமல் இருக்கிறீர்கள்.

இன்று அங்கே ஜெயிக்கும் கட்சி குடியரசுக் கட்சியாக மாறியிருக்கிறது, கணக்கு அதேதான். 1994-க்குப் பிறகு 2024 வரை, மாநிலம் முழுக்க நடக்கும் எந்தத் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி அங்கே ஜெயித்ததில்லை. 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த வாக்காளர்கள் 1.7 கோடிக்கும் மேல். நவம்பரில் வந்தவர்கள் சுமார் 80 லட்சம். மார்ச் பிரைமரியில் இரண்டு கட்சிக்கும் சேர்த்தே 30 லட்சம்தான். குடியரசுக் கட்சியின் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) வேட்பாளரைத் தீர்மானித்த மே மாத ரன்-ஆஃபில், அதாவது மார்ச்சில் யாருக்கும் பாதிக்கு மேல் விழாததால் முதல் இருவருக்குள் நடந்த இரண்டாம் சுற்றில், கென் பாக்ஸ்டனுக்கும் ஜார்ஜ் பி. புஷ்ஷுக்கும் (ஆம், அந்தக் குடும்பம்தான்) விழுந்த ஓட்டு மொத்தமாகவே 10 லட்சம் வரவில்லை. பாக்ஸ்டன் வென்றார், நவம்பரிலும் வென்றார்.

ஜெயித்தவர் யாருக்குப் பயப்படுவார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2021-இல் டிரம்ப்பைப் பதவிநீக்க விசாரணைக்கு அனுப்ப அவர் கட்சியிலேயே 10 பேர் கீழவையில் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் 4 பேர் போட்டியிடவே இல்லை, 4 பேர் பிரைமரியில் தோற்றார்கள். லிஸ் செனி அந்த நால்வரில் ஒருவர். நவம்பரைப் பார்க்கக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். இதைப் பார்த்த மற்ற உறுப்பினர்கள் அடுத்த முறை எந்தப் பக்கம் கை தூக்குவார்கள்?

சரி, கூட்டம் குறைந்தால் கெடுதல் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். 2018-இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் புதுமுகம் ஒகாசியோ-கோர்டெஸ் பழம்பெரும் உறுப்பினர் ஜோ கிரௌலியை வீழ்த்த முடிந்ததே சுமார் 30,000 பேர் மட்டும் ஓட்டுப் போட்டதால்தான் என்று வாதிடலாம். புதியவர்களுக்கு அது ஒரு சந்து. ஆனால் அதே சந்து வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம். 2022-இல் உங்கள் மாநிலத்தின் லரேடோ பக்கம் ஜனநாயகக் கட்சியின் கீழவை உறுப்பினர் ஹென்றி குவேயார் பிரைமரி ரன்-ஆஃபில் தப்பியது 300-க்கும் குறைவான ஓட்டில். உங்கள் ஊர்ப் பொங்கல் விழாவுக்கே அதைவிடக் கூட்டம் வரும்.

நம் ஊரில் தலைமை அறிவிக்கிறது, உண்மை. நம்மிடம் யாரும் கேட்பதில்லை, அதனால் வரவில்லை என்று புலம்பவும் வழியில்லை. உங்களிடம் கேட்கிறார்கள். டெக்சஸில் கட்சி உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. மார்ச்சில் சாவடிக்குப் போய் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். அப்புறம் மே ரன்-ஆஃபில் மற்ற கட்சிக்குத் தாவ முடியாது, அவ்வளவுதான். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.