ஹவாய்ப் பாடகி ரையாடேயா ஹெல்ம் அவ்வளவு சின்ன வயதில் எப்படிப் புகழ் பெற்றார்?

குரல்தான் முதல் காரணம். ஆனால் அந்தக் குரலை அவர் எந்த மரபில் பழக்கினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹவாய் மரபுப் பாட்டில் கீழ்க்குரலிலிருந்து உச்சக் குரலுக்குத் தாவும்போது தொண்டையில் ஒரு 'உடைவு' கேட்கும். மேற்கத்தியச் செவ்வியல் பயிற்சியில் அதை மறைக்கத்தான் பாடுபடுவார்கள். இங்கே அதுதான் அழகு. வேண்டுமென்றே அந்த இடத்தில் ஒரு சொடுக்குக் கொடுத்து மேலே ஏறுவார்கள். பெண்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைப் பிரபலமாக்கியவர் லீனா மச்சாடோ. ரையாடேயா அந்த வழியில் வந்தவர்.

1984இல் பிறந்த இவர் வளர்ந்தது மொலொகாய் என்ற சின்னத் தீவில். வீடே இசைவீடு. அப்பா இசைக்கலைஞர். சித்தப்பா பெரியப்பா வகையில் ஜார்ஜ் ஹெல்மும் பாடகர்தான். கஹோஒலாவே தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டுவீசிப் பயிற்சி செய்ததை எதிர்த்துப் போராடி, 1977இல் கடலில் காணாமல் போனவர். ஹவாயில் அந்தக் குடும்பப் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. அது கொஞ்சம் கதவைத் திறந்திருக்கலாம், ஆனால் பெயரை வைத்து உச்சஸ்தாயியில் பாடிவிட முடியாதே!

முதல் ஆல்பம் 2002இல் வந்தது. அடுத்த ஆண்டே ஹவாயின் பெரிய இசை விருதான நா ஹோகூ ஹனோஹனோவில் சிறந்த பாடகி. அப்புறம் கிராமி பரிந்துரை, அதுவும் இரண்டு முறை. கிராமியில் ஹவாய் இசைக்கென்று தனிப் பிரிவு 2005இல்தான் தொடங்கியது, 2011இல் எடுத்துவிட்டார்கள். சரியான நேரத்தில் வந்தார் என்றும் சொல்லலாம்.