கணவருக்கு நிரந்தர வதிவிடம்: உள்ளிருந்து விண்ணப்பிப்பதா, வெளியிலிருந்தா?

வாசகர் கேள்வி – பதில்: குடிவரவு

கேள்வி: நான் கனடாக் குடியுரிமை பெற்றவள், ஸ்காபரோவில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு முதலில் எழுத்து (திருமணப் பதிவு) நடந்தது. சில மாதங்கள் கழித்துக் கோயிலில் தாலி கட்டினோம். கணவர் பலமுறை வந்துபோகக்கூடிய விசிற்றர் விசாவில் இப்போது என்னுடன் இருக்கிறார். அவருக்குக் கிடைத்த ஆறு மாதத்தில் இரண்டு மாதம் முடிந்துவிட்டது. இன்லாண்டில் (உள்நாட்டு வகுப்பில்) போட்டால்தான் வேலை அனுமதி கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவருடைய தாயார் அங்கே சிறுநீரக நோயுடன் இருக்கிறார். எந்த நேரத்திலும் கணவர் அங்கே போகவேண்டி வரலாம். நாங்கள் எந்த வழியைத் தெரிவுசெய்ய வேண்டும்? – வாசகி, ஸ்காபரோ

பதில்: உங்கள் நிலையில் நான் இருந்தால் வெளிநாட்டு வழியில், அதாவது குடும்ப வகுப்பின் கீழ், விண்ணப்பிப்பேன், விண்ணப்பம் நடக்கும் காலத்தில் கணவர் உங்களுடன் இங்கேயே இருக்கலாம். வெளிநாட்டு விண்ணப்பம் என்ற பெயரைப் பார்த்து, கணவர் வெளிநாட்டில்தான் இருக்கவேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மை அப்படியல்ல. உள்நாட்டு வகுப்புக்குத்தான், இருவரும் கனடாவில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழவேண்டும் என்ற கட்டாயம் உண்டு. குடும்ப வகுப்பில் விண்ணப்பிப்பவர் கனடாவுக்குள்ளும் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம்.

உங்கள் உறவினர்கள் சொன்னது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2014 டிசம்பரில் தொடங்கிய சோதனைத் திட்டத்தின்படி, உள்நாட்டு வகுப்பில் விண்ணப்பித்தவர்களுக்கே முடிவு வருமுன் திறந்த வேலை அனுமதி, அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி, கொடுக்கப்பட்டது. அந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ குடும்பங்கள் அந்த வழியைத் தெரிவுசெய்தன. 2023 மே மாத இறுதியில் இந்த வேறுபாடு நீக்கப்பட்டது. இப்போது குடும்ப வகுப்பில் விண்ணப்பிப்பவரும், கனடாவில் உங்களுடன் ஒரே முகவரியில் வசித்து, செல்லுபடியான தற்காலிக அந்தஸ்துடன் இருந்து, விண்ணப்பம் கிடைத்ததை உறுதிப்படுத்தும் கடிதத்தையும் பெற்றுவிட்டால், திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே வேலை அனுமதியை முன்வைத்து வழியைத் தெரிவுசெய்யும் தேவை உங்களுக்கு இல்லை.

நீங்கள் பார்க்கவேண்டியவை இரண்டு: கணவர் இடையில் நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தால் என்ன ஆகும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்.

முதலாவதில் உங்கள் மாமியாரின் உடல்நிலையே விடையைச் சொல்லிவிடுகிறது. உள்நாட்டு விண்ணப்பம் போட்டவர் கனடாவை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை. ஆனால் போனவர் திரும்பி நுழைய முடியாமற் போனால் அந்த விண்ணப்பம் நிலைக்காது, வெளியிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும். தாயாரின் இறுதிக் கிரியைக்குப் போய், அந்தியேட்டி முடியும்வரை நின்ற ஒருவரின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் வேலை அனுமதி இருந்தது, ஆனால் விசா காலாவதியாகியிருந்தது. வேலை அனுமதி, நாட்டுக்குள் நுழையும் அனுமதி அல்ல என்பது அவருக்கு விமான நிலையத்தில்தான் தெரியவந்தது. அவருடைய மனைவி இங்கே கைக்குழந்தையுடன் தனியாக இருந்து, எல்லாப் படிவங்களையும் முதலிலிருந்து நிரப்பினார். குடும்ப வகுப்பில் போட்டிருந்தால் அவர் அங்கே சிக்கியிருந்தாலும் விண்ணப்பம் தன் பாட்டில் நடந்திருக்கும். உங்கள் கணவரின் கடவுச்சீட்டை இன்றே எடுத்து, விசா எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அது செல்லுபடியாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் உள்ளே விடுவதா என்பதை எல்லை அதிகாரியே தீர்மானிப்பார் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது விடயத்தைப் பற்றி, நல்ல செய்தியை எதிர்பார்த்திருக்கும் நேரத்தில் யாரும் பேச விரும்புவதில்லை. அதனாலேயே நான் அழுத்திச் சொல்கிறேன். குடும்ப வகுப்பில் நிராகரிப்பு வந்தால், ஸ்பொன்சராகிய நீங்கள் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே நீங்களும் கணவரும் சாட்சி சொல்லலாம். அதிகாரி பார்த்திராத புதிய ஆதாரங்களையும் வைக்கலாம். உள்நாட்டு வகுப்பில் அந்த உரிமை கிடையாது. 15 நாட்களுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும், நீதிபதி பார்ப்பது அதிகாரியின் முடிவு நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா என்பதைத்தானே தவிர, உங்கள் திருமணம் உண்மையானதா என்பதை அல்ல. இன்னொரு விண்ணப்பத்தைப் போடுவதற்குத் தடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பணமும் காலமும் போய்விடும், சில வேளைகளில் அந்தஸ்தும் போய்விடும்.

வெளிநாட்டு வழியிலும் ஒரு சிரமம் உண்டு: நேர்காணல் தேவைப்பட்டால் விசா அலுவலகம் உங்கள் கணவரை வெளிநாட்டுக்கு அழைக்கக்கூடும். எல்லாருக்கும் அது வருவதில்லை. கோப்பு தெளிவாக இருந்தால் வாய்ப்புக் குறையும். இங்கேதான் உங்கள் எழுத்தையும் கலியாணத்தையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம்மவர்களின் கோப்புகளில் நான் அடிக்கடி காணும் குழப்பம் இது: மனைவி தன் படிவத்தில் தாலி கட்டிய நாளைத் திருமண நாளாக எழுதுவார், கணவர் பதிவுச் சான்றிதழில் உள்ள நாளை எழுதுவார். நமக்கு அது இயல்பு. அதிகாரிக்கு அது முரண்பாடு. இருவரும் சான்றிதழில் உள்ள நாளையே எழுதிவிட்டு, உறவு விபரங்களைக் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தில், கோயில் சடங்கு ஏன் பின்னர் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதை விளக்குங்கள். பேசிச் செய்த திருமணமானால், குறிப்புப் பார்த்தது முதல் நீங்கள் இருவரும் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியது வரை நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். திருமணம் உண்மையானதல்ல என்றோ, முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டது என்றோ, இரண்டில் எது தோன்றினாலும் நிராகரிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கலியாண அல்பத்தைவிட, மாதாமாதம் பேசிக்கொண்டதற்கும் ஒருவரையொருவர் தாங்கியதற்கும் உள்ள சான்றுகளே அவருக்குப் பயன்படும்.

கணவரின் ஆறு மாதம் முடியுமுன் விசிற்றர் காலத்தை நீடிக்கும் விண்ணப்பத்தைத் தவறாமல் போட்டுவிடுங்கள். ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டதனால் மட்டும் அவருடைய அந்தஸ்து தானாக நீளாது.

கேள்வி: என் மனைவியின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது, இப்போது அவரிடம் எந்த அந்தஸ்தும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக என்னுடனேயே வாழ்கிறார். எங்களுக்கும் வெளிநாட்டு வழி பொருந்துமா? – வாசகர், மார்க்கம்

பதில்: உங்களுக்கு நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2005இல் வந்த பொதுக் கொள்கையின்படி, அந்தஸ்து இல்லாமல் தங்கிவிட்டவரும், அனுமதியின்றி வேலை செய்தவரும்கூட, கனடாவில் துணையுடன் சேர்ந்து வாழ்ந்தால் உள்நாட்டு வகுப்பில் விண்ணப்பிக்கலாம். உங்கள் மனைவி இந்த நிலையில் வெளியேறினால் திரும்பி வருவது எளிதாக இருக்காது; ஆகவே உள்நாட்டு வழியே உங்களுக்கு உரியது. குற்றத் தீர்ப்போ, முன்னர் நாடுகடத்தப்பட்டு அனுமதியின்றித் திரும்பி வந்த வரலாறோ இருந்தால் இந்தச் சலுகை உதவாது. அந்தஸ்து இல்லாதவர், விண்ணப்பத்தின் முதற்கட்ட ஒப்புதல் கிடைக்கும்வரை வேலை அனுமதிக்குக் காத்திருக்க நேரும். விண்ணப்பம் போட்டவுடன் நாடுகடத்தல் தானாக நின்றுவிடாது. எல்லைச் சேவை முகவரகத்திலிருந்து கடிதம் ஏதாவது வந்திருந்தால், படிவத்தைத் தொடுமுன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள். அகதிக் கோரிக்கையில் எழுதிய முகவரிகளும் தேதிகளும் குடும்ப விபரங்களும் இந்த விண்ணப்பத்திலும் அப்படியே இருக்கவேண்டும். அங்கே பிழையாக எழுதியிருந்தால் மறைக்காமல் திருத்தி, காரணத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: பகுதிநேர வேலைதான் செய்கிறேன். கணவரை ஸ்பொன்சர் செய்ய வருமானம் போதாது என்கிறார்கள். – வாசகி, பிரம்டன்

பதில்: கணவன் அல்லது மனைவியை ஸ்பொன்சர் செய்வதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது, பெற்றோரை அழைப்பதற்கு உள்ள விதியைக் கேட்டு உங்களைக் குழப்பியிருக்கிறார்கள். ஒன்ராறியோ வேர்க்ஸ் போன்ற சமூக உதவிப் பணம் பெறுபவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மாற்றுத்திறன் காரணமாகப் பெறும் உதவி தடையல்ல. கணவர் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நீங்கள் பொறுப்பு. இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. நீங்களே ஒரு காலத்தில் கணவன் ஒருவரால் ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவராக இருந்தால், நிரந்தர வதிவிடம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா என்று எண்ணிப் பார்த்த பின்னரே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.